பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டமும் அநுபவக் குறைவின் அபாயமும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் நெய்யாற்றின்கரையும், அதற்கப்பால் பத்துக் கிலோமீட்டரளவில் பாறசாலையும், இஞ்சிவிளை கடந்தவுடன் தமிழ்நாட்டைச் சேர்ந்த களியக்காவிளையும் அமைந்திருக்கின்றன. பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஒரே ஆட்சியின்கீழ் இருந்த இப்பிரதேசம், 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது இரண்டாகப் பிரிந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர, தமிழர் பலர் வாழ்ந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் செல்வதும் அன்றுபோலவே இன்றும் எல்லையைப் பொருட்படுத்தாமல் நடந்துவருகின்றன. அந்தப் போக்குவரவின் பெரும்பகுதியைச் சுமப்பது இரண்டு சக்கர வாகனமே. பனச்சமூட்டுச் சந்தையிலோ ஊரம்பு முக்கிலோ சற்று நேரம் நின்றால், பாறசாலையின் கே.எல்.19, நெய்யாற்றின்கரையின் கே.எல்.20, மார்த்தாண்டத்தின் டி.என்.75 என்ற மூன்று பதிவெண்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு செல்வதைக் காணலாம்.

இவ்வூர்களின் சாலைகளைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். ஏனெனில் புதிதாக வண்டி பழகியவனுடைய குறைகளை வெளிப்படுத்துவதில் இவை மிகவும் சாமர்த்தியம் வாய்ந்தவை. தேசிய நெடுஞ்சாலை கரமனையிலிருந்து பாலராமபுரம் அருகேயுள்ள கொடிநடை வரை நான்கு வழிகளாக விரிந்திருக்க, அதற்குத் தெற்கே அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை வழியாகச் செல்லும் பகுதி பல ஆண்டுகளாகப் பழைய அகலத்திலேயே இருந்துவந்திருக்கிறது. விரிந்த சாலையில் பழகிய வேகத்தோடு குறுகிய சாலைக்குள் நுழைகிறவன், தன் வேகம் மாறவில்லை என்பதையே உணர்வதில்லை. மேற்கே கழக்கூட்டம் முதல் காரோடு வரை செல்லும் புறவழிச்சாலையில், முக்கோலையிலிருந்து காரோடு வரையுள்ள சுமார் 16 கிலோமீட்டர் சிமெண்டுக் கான்கிரீட்டினால் ஆனது. நேராகவும் அகலமாகவும் கிடக்கும் இச்சாலை இளைஞர்களின் வேக மோகத்துக்கு ஓர் அரங்கமாகிவிட்டபடியால், பந்தயம் விடுவோரைப் பிடிக்கப் போலீஸாரும் மோட்டார் வாகனத் துறையினரும் பலமுறை அங்கே காத்துநிற்க நேர்ந்திருக்கிறது.

நெடுஞ்சாலையை விட்டு உட்புறம் சென்றால் நிலைமை முற்றிலும் வேறு. தனுவச்சபுரம், காரக்கோணம், குன்னத்துக்கால், வெள்ளறடை என்று மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும் வழிகளில், ரப்பர்த் தோட்டத்தின் நிழலும் வீட்டுக் கயாலைச் சுவர்களும் வளைவுகளை மறைத்து நிற்கின்றன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் நாடு இது. வறண்ட சில நாட்களுக்குப் பின் பெய்யும் முதல் மழை, சாலையில் படிந்திருக்கும் எண்ணெயையும் தூசியையும் மேலே கிளப்பிச் சற்று நேரம் வழுக்கலாக்குவது எங்கும் உண்டு; இங்கோ அதனுடன் உதிர்ந்த ரப்பர் இலையும் ஓரத்துப் பாசியும் சேர்ந்துகொள்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிவரும் டிப்பர் லாரிகள் இவ்வழிகளில் வளைவை வெட்டிக்கொண்டு வரும்போது, எதிரே வருகிறவனுக்கு எஞ்சுவது சாலையின் விளிம்பும் அதற்கு அப்பாலுள்ள ஓடையுமே.

ஓட்டப் பழகும் முறை பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே நிகழ்கிறது. அண்ணனோ மாமனோ பின்னால் அமர்ந்து, பள்ளி மைதானத்தில் கிளட்சு விடவும் கியர் மாற்றவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டு வாரத்தில் பையன் கடைக்குச் சென்று தேங்காய் வாங்கிவந்துவிட்டால், அவனுக்கு வண்டி தெரியும் என்று வீட்டார் தீர்மானித்துவிடுகிறார்கள். சட்டப்படியோ, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் உரிமம் பெறப் பதினெட்டு வயது நிரம்பியிருக்கவேண்டும், 50 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினுள்ள வண்டிக்கு மட்டும் பதினாறு போதும். இச்சலுகையை நினைத்துச் சிறுவர்களிடம் மொபெட்டைக் கொடுக்கும் பெற்றோர் உண்டு. ஆனால் பழைய டி.வி.எஸ். 50-க்குப் பொருந்திய விதி இன்றைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-க்குப் பொருந்தாது, அதன் எஞ்சின் 99.7 சி.சி. கொள்ளளவுடையது. பழகுநர் உரிமம் பெற்று முப்பது நாட்கள் கழிந்த பின்பே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம் என்பதும், பழகும் காலத்தில் வண்டியில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்கவேண்டும் என்பதும், கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறொருவரைப் பின்னால் ஏற்றக்கூடாது என்பதும் விதிகள்.

தேர்வின் உயிர்நிலை எட்டு என்ற எண்ணின் வடிவம். தமிழ்நாட்டில் இதனை ‘எட்டுப் போடுதல்’ என்பர். எல்லைக்கு அப்பால் ‘எட்டு எடுத்தல்’. கேரளத்தில் இதற்கு நெடுங்காலம் பயன்பட்டது பஜாஜ் எம்.80 என்னும் இலேசான வண்டி. இடக்கைப் பிடியைத் திருகிக் கியர் மாற்றும் இந்த யந்திரத்தின் உற்பத்தி நின்றுபோன பிறகும், தேர்வு மைதானங்களில் மட்டும் அது சிரஞ்சீவியாக வாழ்ந்துவந்தது. அதில் எட்டெடுத்து உரிமம் பெற்றவன் மறுநாளே காலால் கியர் மாற்றும் 150 சி.சி. மோட்டார் சைக்கிளில் ஏறி நெடுஞ்சாலைக்கு வருவான். 2024 ஆகஸ்டில் எம்.80 தேர்விலிருந்து விலக்கப்பட்டு, காலால் கியர் மாற்றும் வண்டி கட்டாயமாயிற்று. எட்டு என்பது பயனற்ற பரீட்சை என்று சொல்வது நியாயமாகாது. மெதுவான ஓட்டத்தில் சமநிலை காப்பதை அது செம்மையாகச் சோதிக்கிறது. எனினும் வேகத்திலிருந்து நிற்பதை அது சோதிப்பதில்லை. மனிதர் இறப்பது அங்கேதான்.

அநுபவக் குறைவு என்பது எதில் அடங்கியிருக்கிறது என்ற கேள்விக்கு, இன்றளவும் மேற்கோளாக எடுத்தாளப்படும் விடை 1981இல் அமெரிக்காவில் வெளியான ஹர்ட் அறிக்கையிலிருந்து கிடைக்கிறது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட்டும் அவருடைய குழுவினரும் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நிகழ்ந்த இடத்திலேயே சென்று ஆராய்ந்தார்கள். விபத்துக்குள்ளானவர்களுள் 92 சதவீதத்தினர் முறையான பயிற்சி இல்லாமல் தாமாகவோ குடும்பத்தாரிடமோ நண்பரிடமோ பழகியவர்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள், வேறு வண்டிகளில் அநுபவம் இருந்தபோதிலும், விபத்துக்குள்ளான அந்த வண்டியில் ஐந்து மாதப் பழக்கம்கூட இல்லாதவர்கள். அபாயம் தோன்றியதிலிருந்து மோதல் வரை அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் பொதுவாக இரண்டு விநாடிக்கும் குறைவு. அவ்விரண்டு விநாடியில் பெரும்பாலோர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தை வழுக்கவிட்டு, முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்காமல் விட்டார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் உதியன்குளங்கரைக்கும் எத்தனையோ வேற்றுமை உண்டு. ஆனால் பின் பிரேக்கின்மேல் வைக்கும் நம்பிக்கையில் வேற்றுமை இல்லை. ‘முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்’ என்பதுதான் நம் ஊர்களில் மாமன்மார் மருமகனுக்குச் செய்யும் முதல் உபதேசம். வளைவில் சாய்ந்திருக்கும்போதோ மணல் படிந்த இடத்திலோ முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்கினால் வண்டி சரியும் என்பதளவில் அது வாஸ்தவமே. நேராகச் செல்லும் வண்டியிலோ, வேகம் குறையத் தொடங்கியவுடன் பாரத்தின் பெரும்பகுதி முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. பின்சக்கரம் இலேசாகித் தரையின் பிடியை இழக்கிறது. ஆகவே நிறுத்தும் ஆற்றலின் பெரும்பங்கு முன்சக்கரத்திலேயே உள்ளது. அதனைப் படிப்படியாக அழுத்தி இறுக்குவது விரல்களின் அப்பியாசமாக வேண்டும். ஆபத்து வேளையில் யோசித்துச் செய்யக்கூடிய காரியமன்று அது. 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், அதற்குட்பட்டவற்றில் இரு பிரேக்குகளையும் இணைத்தியக்கும் சி.பி.எஸ். அமைப்பும் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்டன. ஆயினும் எல்லையூர்களில் அண்ணன் ஓட்டித் தம்பிக்கு வந்த பழைய வண்டிகள் ஏராளம்.

நிற்பதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்பதைப் புதியவர் எவரும் சரியாக மதிப்பதில்லை. உலர்ந்த நல்ல சாலையில், கண்டு உணர ஒரு விநாடி ஆகும் என்று கொண்டு கணக்கிட்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நிற்க ஏறத்தாழ 20 மீட்டர் வேண்டும். 60இல் 36 மீட்டர். 80இலோ 57 மீட்டர். வேகம் இரட்டிக்கும்போது தூரம் இரட்டிக்காமல் மும்மடங்கை நெருங்குவதைக் காண்க. மழையில் தரையின் பிடி பாதியாகிவிட்டால் 60 கிலோமீட்டர் வேகத்துக்கே 55 மீட்டருக்கு மேல் ஆகும். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் உள்வழிகளில் 55 மீட்டர் தூரம் முன்னே தெரியும் வளைவு அபூர்வம்.

மற்றொரு குறை பார்வையைச் சேர்ந்தது. புதியவன் தன் முன்சக்கரத்துக்குச் சற்று முன்னாலுள்ள தரையைப் பார்க்கிறான், அல்லது தான் அஞ்சுகிற பொருளையே உற்று நோக்குகிறான். இரு சக்கர வண்டியோ கண் செல்லும் பக்கமே செல்லும் இயல்புடையது. குழியைப் பார்த்துக்கொண்டே குழியில் விழுவது இதனால்தான். அநுபவசாலி வளைவின் மறுமுனையை நோக்கியிருப்பான். கேட்டிலிருந்து வெளியே வரப்போகும் ஆட்டோவை அதன் முன்சக்கரம் திரும்புவதைக் கொண்டே அறிவான், நின்றிருக்கும் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸின் முன்னாலிருந்து ஒருவர் குறுக்கே வருவார் என்பதை அவர் தோன்றுமுன்பே எண்ணிக்கொள்வான். இந்த அறிவு மாதக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் படிவது. பின்னால் இருவரை ஏற்றிக்கொண்டு ‘டிரிப்பிள்ஸ்’ செல்லும்போது அதில் பாதி பயனற்றதாகிவிடுகிறது. பாரம் கூடி, சாயும் இயல்பு மாறி, நிற்கும் தூரமும் நீள்கிறது. பின்னால் ஒருவரே அமரலாம் என்று சட்டத்தின் 128ஆம் பிரிவு கூறுகிறது.

தலைக்கவசத்தின் வரலாறு ஒரு பிரசித்தமான மரணத்தோடு பிணைந்தது. ‘அரேபிய லாரன்ஸ்’ எனப் புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ் 1935 மே மாதம் தம் மோட்டார் சைக்கிளிலிருந்து எறியப்பட்டு ஆறு நாட்களில் இறந்தபோது, சிகிச்சை செய்தவர்களுள் ஒருவராயிருந்த மூளை அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்காயங்களைப் பற்றி ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டே பிரிட்டிஷ் ராணுவம் மோட்டார் சைக்கிள் ஓட்டும் தன் வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பிற்காலத்தில் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2008இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பீடு, கவசம் மரண வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகக் கண்டது. இந்தியாவில் 2022இல் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேருள் ஏறத்தாழ 44 சதவீதத்தினர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

எல்லையில் இது ஒரு விநோதமான காட்சியாகிறது. மத்தியச் சட்டம் ஒன்றேயாயினும், கவசமின்மைக்கு வசூலிக்கும் அபராதம் கேரளத்தில் 500 ரூபாய், தமிழ்நாட்டில் 1,000. கேரளத்தில் 726 காமிராக்களைக் கொண்டு குற்றத்தைத் தானாகவே பதிவுசெய்யும் திட்டத்தின்கீழ் 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். ஆகவே களியக்காவிளையிலிருந்து வடக்கே வருகிறவர் கைப்பிடியில் தொங்கிய கவசத்தை இஞ்சிவிளையில் தலைக்கு ஏற்றுவதையும், தெற்கே செல்கிறவர் எல்லை கடந்ததும் அதனை இறக்கி முழங்கையில் மாட்டிக்கொள்வதையும் காணலாம். அபராதம் இருமடங்காகும் பக்கத்தில்தான் தலை வெறுமையாகிறது. அணிந்தவர்களுள்ளும் தாடைவாரைப் பூட்டாதவர் பலர். பூட்டாத கவசம் மோதலுக்கு முன்பே கழன்று பறந்துவிடும். அது காமிராவுக்காக மட்டும் அணியப்பட்டது.

மகாசிவராத்திரியையொட்டி முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் சிவாலய ஓட்டத்தைப் பற்றியும் குறிப்பிடவேண்டும். பன்னிரு ஆலயங்களையும் ஓடியே தரிசிப்பது மரபாயினும், இக்காலத்தில் வாகனங்களில் செல்வோரும் பலர். நூறு கிலோமீட்டருக்கும் குறையாத அப்பாதையை விரதமிருந்து, கண்விழித்து, நண்பர் கூட்டத்தோடு இரவில் வண்டியில் கடப்பது, உறக்கம், பசி, இருள், போட்டி ஆகிய நான்கையும் ஒரே இரவில் ஒருங்கே சேர்க்கும் காரியமாகும். ஓடுகிறவனுக்கு உறக்கம் வந்தால் கால் தடுமாறும், அவ்வளவே.

விபத்து நேர்ந்தபின் எல்லைக்கோடு மீண்டும் உயிர்பெறுகிறது. காயமுற்றவர் பாறசாலைத் தாலுகா ஆஸ்பத்திரிக்கோ, நெய்யாற்றின்கரைப் பொது ஆஸ்பத்திரிக்கோ, காரக்கோணம் மருத்துவக் கல்லூரிக்கோ, தெற்கே குழித்துறைக்கோ ஆசாரிப்பள்ளத்துக்கோ கொண்டுசெல்லப்படுகிறார். தலைக்காயம் கடுமையானால் பெரும்பாலும் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கே அனுப்பப்படுகிறார். தமிழ்நாட்டு எல்லைக்குள் நேர்ந்த விபத்தாயின், எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. 2025 மே மாதம் முதல் நாடு முழுவதற்குமாக மத்திய அரசின் திட்டம் ஒன்றும் ஏழு நாட்களுக்கு ஒன்றரை லட்ச ரூபாய் வரை வழிசெய்கிறது. உதவ முன்வருகிறவரைப் போலீஸ் விசாரணையில் துன்புறுத்தலாகாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் விதித்ததை, 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவாக்கியது.

அத்திருத்தத்தின் மற்றொரு பிரிவான 199ஏ பெற்றோரைப் பற்றியது. உரிமமில்லாத சிறுவன் குற்றம் செய்தால் காப்பாளரோ வாகன உரிமையாளரோ மூன்றாண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அடையலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அச்சிறுவனுக்கு இருபத்தைந்து வயது வரை பழகுநர் உரிமமும் கிடைக்காது. இவற்றையெல்லாம்விட மௌனமாக வந்து சேரும் சுமை ஒன்றுண்டு. உரிமமற்றவன் ஓட்டிய வண்டியால் பிறர் காயமுற்றால், இன்ஷூரன்ஸ் கம்பெனி அவர்களுக்குரிய நஷ்டஈட்டை முதலில் செலுத்தி, பின்னர் அத்தொகையை வண்டியின் சொந்தக்காரரிடமே வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. காயமுற்றவர் தாம் வசிக்கும் ஊரின் நியாயசபையிலேயே வழக்குத் தொடரலாமாகையால், தமிழ்நாட்டுப் பக்கத்திலுள்ள பளுகலில் நேர்ந்த மோதலுக்கு நெய்யாற்றின்கரையிலிருந்து நோட்டீஸ் வரக்கூடும். பையன் மைதானத்தில் கிளட்சு பழகிய அந்த இரண்டு வாரத்தை வீட்டார் பெரும்பாலும் மறந்துவிட்ட பிறகு.