தீப்பெட்டிக்குள் ஒரு ஜப்பான்

சாத்தூர்னா பலருக்கும் காராச்சேவும் வெள்ளரிக்காயும்தான் ஞாபகம் வரும். எனக்கு தீப்பெட்டிப் படம். தெருவுல பொறுக்கிச் சேர்த்த முதல் ஓவியமே அதுதானே! ஆனா அதுக்குத் தாத்தா ஒரு ஜப்பான்காரர் :)

ஜப்பானில் தீப்பெட்டித் தொழில் 1870களில் தொடங்கியது. கோபே, ஒசாகாவிலிருந்து கப்பலேறி இங்கே வந்தது. முதல் உலகப்போரில் (1914-18) ஐரோப்பியச் சரக்கு குறைய, ஜப்பான் பெட்டிகள் சந்தையைப் பிடித்தன. மேலே ஒட்டிய லேபிள்கள், உக்கியோ-எ என்ற மரக்கட்டை அச்சு மரபின் வாரிசுகள். தடித்த கோடு, நிழலில்லாத வண்ணம். சாமானியர்கள் சல்லிசாக வாங்கிய கலை அது. நாம வாங்கணும்னு நம்ம சாமிகளையும் அங்கேயே அச்சடித்து அனுப்பினார்கள்!

1922ல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி உயர்ந்தது. கல்கத்தாவில் தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923ல் சிவகாசியில் ஆரம்பித்தார்கள். லேபிள் தேவையால் அச்சகங்களும் பெருகின. சின்னக் கட்டத்துக்குள் ஒரே உருவம், பளிச் வண்ணம்... அந்தப் பாணி நம்ம புலி, மயிலிலும் தொடர்ந்தது.

ஒரே வித்தியாசம். ஜப்பான் அச்சுப்படத்தின் ஓரத்தில் ஓவியர் கையெழுத்து இருக்கும். ஹொகுசாய் பேரு நமக்கே தெரியுது. நம்ம பெட்டியிலோ கம்பெனி பேரு மட்டும். புலியை வரைந்த கை யாருடையது? அப்படியொரு பெரியவர் உங்க தெருவில் இருந்தால், முதல்ல பேரைக் கேட்டு எழுதி வைங்க மக்களே.