வாத்தியார் இல்லாத வாத்தியம்

யாழ்ப்பாணத்தில வீணை பழகலாம், வயலின் பழகலாம், மிருதங்கம் பழகலாம். மருதனார்மடத்தில 1960இல் தொடங்கின இராமநாதன் நுண்கலைக் கழகம் இதுகளுக்கு எத்தனையோ பேரை உருவாக்கியிருக்கு. ஆனா யாழுக்கு? வழிவழியா வந்த ஒரு ஆசிரியரும் உலகத்தில எங்கேயும் இல்லை. அல்லைப்பிட்டியில இருந்து பண்ணைப் பாலம் தாண்டி நாங்கள் போற பட்டினத்தின்ர பெயரிலயே அந்த வாத்தியம் இருக்கு. கடைப் பலகையில, கலியாணக் காட்டில எல்லாம் படமா இருக்கு. சத்தம்தான் இல்லை.

குருட்டுப் பாணன் ஒருவன் யாழ் வாசிச்சு மணற்றியைப் பரிசாப் பெற்ற கதை எல்லாருக்கும் தெரியும். அதை விரிவாச் சொல்லுற யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்து நூல். அதனால கதையை அப்பிடியே வரலாறா எடுக்க ஏலாது. என்னைக் கேட்டா, பரிசு கிடைச்சதா இல்லையா என்பதை விட, அந்தப் பாணனுக்குப் பிறகு வாசிச்சது ஆர் என்பதுதான் பெரிய கேள்வி.

யாழை வீணையோட குழப்பக் கூடாது. வீணையில ஒரே தந்தியில விரலை நகர்த்திப் பல சுரம் எடுக்கலாம். யாழ் வில் மாதிரி வளைஞ்சது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம், அவ்வளவுதான். செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு, சகோடயாழுக்கு 14, பேரியாழுக்கு 21. குரலைப் போலச் சுரத்தை வளைச்சு இழைக்கிறது அதில கஷ்டம். பெரியபுராணத்தில ஒரு இடம் வரும். சம்பந்தர் தருமபுரத்தில பாடின பதிகத்தை யாழில கொண்டுவர முடியாமல், திருநீலகண்ட யாழ்ப்பாணர் தன்ர யாழையே உடைக்கப் போவார். பக்திக் கதைதான். ஆனா பாட்டு ஒரு பக்கம் வளர, கருவி பின்தங்கிப் போனதின்ர தடயமாயும் அதை நான் வாசிக்கிறன்.

பிறகு யாழ் மெல்ல மறைஞ்சுபோச்சு. மரம், தோல், நரம்பு எல்லாம் உக்கிற பொருள். எங்கட அல்லைப்பிட்டி மண்ணில 1977இல் ஜோன் கார்ஸ்வெல் அகழ்ந்தபோது சொங் வம்சக் காலத்துச் சீன மட்பாண்டம் வந்தது. கடல் கடந்து வந்த கோப்பை நிலத்துக்கடியில இத்தனை நூற்றாண்டு கிடக்கும். யாழ் கிடக்காது.

அயர்லாந்துக்காரருக்கும் சின்னம் யாழ் போன்ற ஒரு நரம்புக் கருவிதான். அங்கேயும் அழியப் போன நேரம், 1792இல் பெல்பாஸ்ட் நகரத்தில மிச்சமிருந்த கலைஞர்களைக் கூப்பிட்டார்கள். பத்துப் பேரளவிலதான் வந்தார்கள். அதில ஒருவர் 90 வயதைத் தாண்டினவர். எட்வேர்ட் பன்டிங் என்ற 19 வயதுப் பெடியன் இருந்து அவர்களின்ர மெட்டுகளை எழுதி எடுத்தான். எங்களுக்கு அப்பிடிக் கேட்டு எழுத ஒரு கிழவரும் மிஞ்சவில்லை.

அதனாலதான் விபுலாநந்தர் செய்தது எனக்கு ஆச்சரியம். கல்முனைப் பக்கத்துக் காரைதீவில (எங்கட தீவகத்துக் காரைநகர் இல்லை) 1892இல் பிறந்தவர். இசைப் பரம்பரைக்காரர் இல்லை. லண்டன் பி.எஸ்சி. பட்டதாரி, யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில விஞ்ஞானம் படிப்பிச்சவர், மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர். துறவியான பிறகு, நாற்பது வயதைத் தாண்டித்தான் யாழில முழு மூச்சா இறங்கினார். கையில இருந்தது சிலப்பதிகார அரங்கேற்று காதையில யாழாசிரியனைப் பற்றி வாற சில அடிகளும் உரைகளும். அதுக்கு மேல, நரம்பின்ர நீளம் குறைஞ்சா சுரம் எவ்வளவு கூடும் என்ற கணக்கு. குருவின்ர இடத்தில பௌதிகவியலை இருத்தினார் என்றுதான் சொல்லவேணும்.

'யாழ் நூல்' 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர் கோயிலில அரங்கேறினது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அவருடைய கணக்கின்படி செய்த முளரியாழை அங்கே கொண்டுவந்தார்கள். வாசிச்சவர் க. பொ. சிவானந்தம், தஞ்சை நால்வர் பரம்பரையில வந்த வீணைக் கலைஞர். இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. அவ்வளவு பெரிய பரம்பரையில வந்தவரும் யாழுக்குப் புது மாணவன்தான். அடுத்த மாதம், 19ஆம் திகதி, விபுலாநந்தர் காலமானார்.

இப்ப சென்னையில 'உரு' என்ற பட்டறை நடத்துற தருண் சேகர் திரும்ப யாழ் செய்யிறார். அவரும் கட்டடக்கலை படிச்சிட்டு இந்தப் பக்கம் வந்தவர்தான். இருபது வயதில தொடங்கினாலும் அறுபதில தொடங்கினாலும் இந்த வாத்தியத்தில பிந்தி வந்தவர் என்று ஒருவரும் இல்லை, முந்தி வந்தவரே இல்லாதபடியால்.

தொடங்க நினைக்கிற ஆளுக்கு ஒரு சந்தோசமான விசயம் இருக்கு. ஏழு நரம்பையும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று செம்பாலைக்குச் சுருதி கூட்டினால், அது இன்றைய அரிகாம்போதி என்பது ஆய்வாளர் பலரின்ர முடிவு. அதே நரம்புகளைத் துத்தத்தில இருந்து தொடங்கி மீட்டினால் படுமலைப்பாலை, அதாவது நடபைரவி. உழையில இருந்து தொடங்கினால் அரும்பாலை, சங்கராபரணம். ஒரு நரம்பையும் முறுக்கத் தேவையில்லை. முதல் நாளே செய்து பார்க்கலாம்.