‘தி கோல்டன் காம்பஸ்’ சர்ச்சை: நீர்த்த தழுவலும் இழந்த விவாதமும்

முன்னுரை

நியூ லைன் சினிமா நிறுவனத்தின் ‘தி கோல்டன் காம்பஸ்’ 2007 டிசம்பரில் திரைக்கு வந்தது. பிரித்தானிய எழுத்தாளர் பிலிப் புல்மனின் ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ முத்தொகுதியில் முதல் நூலான ‘நார்தர்ன் லைட்ஸ்’ (1995) நாவலைத் தழுவி, கிறிஸ் வைட்ஸ் எழுதி இயக்கிய சிறுவர் மிகுபுனைவுப் படம் இது. படம் வெளிவருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, அமெரிக்காவின் கத்தோலிக்க லீக் அமைப்பு அதைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தது. அமைப்பின் தலைவர் வில்லியம் டோனஹ்யூ, சிறுவர்களிடம் நாத்திகத்தைப் பரப்பும் முயற்சி என்று படத்தைக் கண்டித்தார். மறுபுறம், நூலின் உயிரையே படம் எடுத்துவிட்டது என்று பிரித்தானியாவின் தேசிய மதச்சார்பின்மைச் சங்கம் குறைப்பட்டது.

ஒரே படம் இறைநம்பிக்கையாளர்களுக்கு அபாயமாகவும் மதச்சார்பின்மையாளர்களுக்குக் கோழைத்தனமாகவும் தோன்றியது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மதத்தரப்பின் எதிர்ப்புக்கு அஞ்சிச் செய்யப்பட்ட நீக்கங்கள் புல்மனின் சமய விமர்சனத்தைச் சிறிதும் தணிக்கவில்லை. அந்த விமர்சனம் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பகுதிகளும் படத்தில் இல்லாமல் போனதால், எஞ்சியது முன்னினும் ஒருதலையானது. இதனால் திருச்சபைக்கும் நன்மையில்லை, இலக்கியத்துக்கும் நன்மையில்லை என்பது என் வாதம்.

மூலநூலின் இறையியல்

புல்மன் படைத்த உலகில் ஒவ்வொரு மனிதரின் ஆன்மாவும் விலங்கு உருவில் உடலுக்கு வெளியே உடன் நடமாடுகிறது. அதற்கு ‘டீமன்’ என்று பெயர். சிறுவர்களின் டீமன்கள் நினைத்த உருவத்துக்கு மாறும். பருவமெய்தும்போது ஓர் உருவில் நிலைத்துவிடும். அதே பருவத்தில்தான் ‘தூசு’ எனப்படும் நுண்துகள் மனிதர்மேல் படியத் தொடங்குகிறது. அந்த உலகின் திருச்சபை ஆட்சியான மேஜிஸ்டீரியம் இத்தூசை ஆதிப் பாவத்தின் பருப்பொருள் சான்றாகக் கருதுகிறது. பருவமெய்துவதற்கு முன்பே குழந்தையை அதன் டீமனிடமிருந்து வெட்டிப் பிரித்துவிட்டால் பாவம் அண்டாது என்ற நம்பிக்கையில், வடதுருவப் பகுதியிலுள்ள பொல்வாங்கர் நிலையத்தில் கடத்தப்பட்ட குழந்தைகள்மீது சோதனைகள் நடக்கின்றன.

இக்கொடுமையைச் செய்பவர்கள் வெறும் அதிகார வெறியர்கள் அல்லர். குழந்தைகளைப் பாவத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று உண்மையாகவே நம்புகிறவர்களும் அவர்களில் உண்டு. நல்ல நோக்கம் கொடுமைக்கு நியாயமாகிவிடும் நிலையைத்தான் நாவல் ஆராய்கிறது.

இத்திருச்சபையை இன்றைய கத்தோலிக்கத் திருச்சபையின் நேர்ப்படி என்று கொள்வதற்கும் நூல் முழு இடம் தரவில்லை. ‘மேஜிஸ்டீரியம்’ என்பது கத்தோலிக்கப் போதக அதிகாரத்தைக் குறிக்கும் சொல்தான். ஆனால் நாவலின் மாற்று வரலாற்றில் சீர்திருத்தவாதியான ஜான் கால்வினே திருத்தந்தையாகி, தலைமைப் பீடத்தை ஜெனீவாவுக்கு மாற்றுகிறார். அவருடைய மரணத்துக்குப் பின் திருத்தந்தைப் பதவியே ஒழிக்கப்படுகிறது. ரோமும் ஜெனீவாவும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. எந்தப் பிரிவாயினும், நம்பிக்கை ஆட்சியதிகாரத்தோடு சேரும்போது என்ன ஆகிறது என்பதே புல்மனின் கேள்வி.

மூன்றாம் நூலான ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’ (2000) இன்னும் கூர்மையானது. கடவுளாக வணங்கப்பட்ட ‘அதிகாரி’ அதில் தளர்ந்து, முதிர்ந்து, காற்றில் கரைந்து மறைகிறார். கடவுள் கொலை என்று எதிர்ப்பாளர்கள் சுட்டியது இந்தக் காட்சியை. கதையின்படி அவர் படைத்தவர் அல்லர்; முதலில் தோன்றிய வானதூதர்; பின்னர் தோன்றியவர்களிடம் தானே படைத்ததாகப் பொய் சொன்னவர். கத்தோலிக்க அறிஞர் டோனா ஃப்ரெய்டஸும் ஜேசன் கிங்கும் 2007இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இந்த நுட்பத்தைப் பற்றிக்கொண்டு, இங்கே மடிவது ஒரு போலிக் கடவுளே என்றும், தெய்விகம் தூசில் உறைகிறது என்றும் வாதிட்டார்கள். புல்மன் இறைநம்பிக்கையற்றவர் என்பதை அவரே மறைத்ததில்லை. ஆனாலும் ஆசிரியரின் நம்பிக்கையைத் தாண்டிய இறையியல் வாசிப்புக்குப் பிரதி இடம் தருகிறது என்பதற்கு அவ்வாய்வு சான்று.

எதை வைத்து மதிப்பிடுவது?

சர்ச்சையின் மையத்தில் ஒரு முறையியல் சிக்கல் இருந்தது. தழுவலைத் திரையில் உள்ளதை மட்டும் கொண்டு மதிப்பிடுவதா, அதன் பின்னால் நிற்கும் மூலநூலைக் கொண்டு மதிப்பிடுவதா?

மதக் குறிப்புகள் படத்தில் பெரிதும் குறைக்கப்பட்டுள்ளன என்பதைக் கத்தோலிக்க லீக் ஏற்றுக்கொண்டது. படம் பாதகமில்லாததாகத் தோன்றுவதே ஆபத்து என்று அது வாதிட்டது. படத்தை ரசித்த குழந்தைக்குப் பெற்றோர் விவரம் அறியாமல் மூன்று நூல்களையும் வாங்கித் தருவார்கள். ஆகவே படம் ஒரு தூண்டில் என்றது. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் பேரவையின் திரைப்படப் பிரிவு வேறு வழியில் சென்றது. அதன் விமர்சகர்கள் படத்தைப் படமாகவே மதிப்பிட்டுப் பாராட்டி எழுதினார்கள். தடை கோருவதைவிட, எழும் கேள்விகளைப் பெற்றோர் வளரிளம் பிள்ளைகளோடு பேசித் தெளியலாம் என்றும் பரிந்துரைத்தார்கள். சில நாட்களிலேயே அந்த விமர்சனம் திரும்பப் பெறப்பட்டது. படம் வெளியான அதே டிசம்பரில் வத்திக்கான் நாளிதழான ‘லொசர்வத்தோரே ரோமானோ’ படத்தைக் கடுமையாகச் சாடியது.

தூண்டில் வாதத்தை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. தழுவல் மூலநூலுக்கு வாசகரைச் சேர்க்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வாதம் இரு பக்கமும் வெட்டும். 2005இல் சி. எஸ். லூயிஸின் நார்னியா கதை படமானபோது தேவாலயங்களை நாடி விளம்பரம் செய்யப்பட்டது. படம் குழந்தைகளை லூயிஸின் கிறிஸ்தவக் கற்பனைக்கு இட்டுச்செல்லும் என்பதே அங்கே ஈர்ப்பாக இருந்தது. பிரித்தானியப் பத்திரிகையாளர் பாலி டாயின்பீ அப்போது மறுதரப்பிலிருந்து நார்னியாவின் கிறிஸ்தவச் செய்தியை எதிர்த்து எழுதினார். குழந்தைக் கதைக்குள் உலகநோக்கு இருப்பதே தவறென்றால் லூயிஸும் புல்மனும் சேர்ந்தே விலக்கப்பட வேண்டும். அது தவறில்லை என்றால் இருவரும் வாசிக்கப்பட வேண்டும்.

நீக்கங்கள் செய்த வேலை

திரைக்கதையில் ‘திருச்சபை’, ‘கடவுள்’ என்ற சொற்கள் தவிர்க்கப்பட்டன. மேஜிஸ்டீரியம் பொதுவான ஒரு சர்வாதிகார அமைப்பாகத் தோன்றுகிறது. முன்னோர் செய்த ஒரு பெருந்தவறு பற்றி, குழந்தைக் கடத்தலை நடத்தும் திருமதி கோல்டர் சொல்லும் சில வாக்கியங்களில் மட்டும் ஆதியாகமத்தின் நிழல் தங்கியிருக்கிறது. காரணத்தை எடுத்துவிட்டுக் கொடுமையை மட்டும் வைத்துக்கொண்டதால், குழந்தைகளை ஏன் வெட்டுகிறார்கள் என்பது பார்வையாளருக்குப் புரிவதே இல்லை. அங்கி அணிந்தவர்கள் அப்படியே இருக்கிறார்கள். மதநிந்தை என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது. அவர்களுடைய நம்பிக்கையின் தர்க்கம் மட்டும் இல்லை. நாவலில் தவறிழைக்கும் நம்பிக்கையாளர்களாக இருந்தவர்கள் திரையில் வெறும் வில்லன்கள். மதத்தவரின் மனம் புண்படக்கூடாது என்று செய்த நீக்கம் அவர்களுடைய மனித முகத்தை அழித்ததில் முடிந்தது.

இதைவிடப் பெரிய இழப்பு நாவலின் இறுதி அத்தியாயங்கள். அங்கே கதைநாயகியான சிறுமி லைராவின் தந்தை அஸ்ரியல் பிரபு, மேஜிஸ்டீரியத்தின் பரம எதிரி, வேற்றுலகுக்குப் பாலம் அமைக்கத் தேவையான ஆற்றலைப் பெற லைராவின் தோழன் ரோஜரை அவனுடைய டீமனிடமிருந்து வெட்டிப் பிரிக்கிறார். சிறுவன் இறந்துபோகிறான். குழந்தையைப் பலியிடும் அமைப்பை எதிர்த்து எழுந்த தரப்பின் தலைவரே அக்கொடுமையைச் செய்கிறார். சுதந்திரத்தின் பெயரால் நடக்கும் பலியும் பலிதான் என்று நாவல் அழுத்தமாகச் சொல்லும் இடம் இது. புல்மன் தம் தரப்பையே கூண்டில் ஏற்றும் இடமும் இதுவே.

இக்காட்சிகள் படமாக்கப்பட்டும் படத்தில் சேர்க்கப்படவில்லை. நம்பிக்கையூட்டும் முடிவு வேண்டும் என்பதால் அடுத்த பாகத்துக்கு ஒதுக்கப்பட்டன. அந்த அடுத்த பாகம் வரவே இல்லை. இந்த முடிவுக்கு வணிகக் கணக்கே முதற்காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. சமய நீக்கங்களோடு சேர்ந்து அதன் விளைவு தெளிவாகத் தெரிகிறது: நாத்திகப் பிரச்சாரம் என்ற குற்றச்சாட்டுக்கு நூல் தன்னுள் வைத்திருந்த வலுவான பதில் திரையில் இல்லை. தீமை முழுவதும் அங்கி அணிந்தவர்களிடம் எஞ்சியது. அஸ்ரியல் கறைபடாத வீரராக நின்றார்.

எதிர்வாதங்கள்

பெற்றோருக்குத் தம் பிள்ளைகள் வாசிப்பதை அறியும் உரிமை உண்டு என்பது எதிர்ப்பாளர்களின் வலுவான வாதம். அதை நான் முழுமையாக ஏற்கிறேன். புறக்கணிப்பு அழைப்பும் கருத்துரிமையின் ஒரு வடிவமே. அதைத் தணிக்கை என்று அழைப்பது நியாயமன்று. ஆனால் அறிவிப்பதும் அகற்றுவதும் வேறு வேறு. 2007 நவம்பரில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஹால்டன் கத்தோலிக்கப் பள்ளி வாரியம் நூலை அலமாரிகளிலிருந்து எடுத்து மறுஆய்வுக்கு அனுப்பியது. அமெரிக்க நூலகச் சங்கம் தொகுக்கும் அதிகம் ஆட்சேபிக்கப்பட்ட நூல்களின் பட்டியலில் 2007இல் முதல் நூல் (அமெரிக்கத் தலைப்பு ‘தி கோல்டன் காம்பஸ்’) நான்காம் இடத்திலும், 2008இல் முத்தொகுதி இரண்டாம் இடத்திலும் இருந்தன. ஒரு பெற்றோரின் உரிமை தம் பிள்ளையின் கைவரை செல்லும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் நூலகம்வரை செல்லாது.

நீக்கங்கள் செய்யாமல் இவ்வளவு செலவில் படமெடுக்க முடியுமா என்பது இரண்டாவது வாதம். படத்தின் செலவு ஏறத்தாழ 18 கோடி டாலர். அமெரிக்காவில் ஈட்டியது சுமார் 7 கோடி. உலக வசூல் சுமார் 37 கோடி. வெளிநாட்டு உரிமைகளை முன்கூட்டியே விற்றிருந்ததால் அந்த வசூலின் பெரும்பகுதி நிறுவனத்துக்கு வரவில்லை. 2008 தொடக்கத்தில் நியூ லைன் வார்னர் பிரதர்ஸோடு இணைக்கப்பட்டது. அமெரிக்காவில் படம் சோர்ந்ததற்குப் புறக்கணிப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல இயலாது. ஆனால் சமரசம் சந்தையையும் காப்பாற்றவில்லை என்பது கண்கூடு.

மூன்றாவது வழி ஒன்று அப்போதே இருந்தது. 2004இல் லண்டன் தேசிய நாடக அரங்கில் இக்கதை நாடகமாக நடந்துகொண்டிருந்தபோது, அப்போதைய கான்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ் அதைப் பார்த்துப் பாராட்டி எழுதினார். அதே அரங்கில் புல்மனோடு பொது உரையாடலில் அமர்ந்தார். கொல்லப்படக்கூடிய கடவுள் எத்தகைய கடவுள், அத்தகைய கடவுளை நம்பும் திருச்சபை ஏன் அச்சத்திலும் வன்முறையிலும் விழுகிறது என்று அவர் நூலின் கேள்வியைத் தம் மரபுக்குள்ளேயே எடுத்துச் சென்றார். ஆங்கிலிக்கத் திருச்சபையின் தலைமைப் பேராயர் புல்மனிடம் கண்டது திருச்சபை கேட்டே ஆகவேண்டிய ஒரு கேள்வியை.

முடிவுரை

பிபிசியும் எச்பிஓவும் 2019 முதல் 2022 வரை ஒளிபரப்பிய தொலைக்காட்சித் தொடர் ரோஜரின் மரணத்தையும் அதிகாரியின் முடிவையும் காட்டியது. முழுக் கதையையும் திரையில் சொல்ல முடியும் என்பது அதனால் உறுதியாயிற்று. 2007இன் படம் இழந்தது சில வசனங்களை மட்டும் அல்ல. நம்பிக்கை உள்ள குடும்பமும் இல்லாத குடும்பமும் ஒரே கதையை முன்வைத்துப் பாவம், கீழ்ப்படிதல், பலி ஆகியவற்றைப் பற்றிப் பேசியிருக்கக்கூடிய வாய்ப்பை.

எதிர்ப்பாளர்களும் படநிறுவனமும் ஒரு நம்பிக்கையில் ஒன்றுபட்டிருந்தார்கள்: குழந்தையால் கடினமான கேள்வியைத் தாங்க முடியாது என்பதே அது. ‘நார்தர்ன் லைட்ஸ்’ நாவலுக்குச் சிறுவர் இலக்கியத்துக்கான கார்னகி பதக்கம் கிடைத்தது. ரோஜரின் மரணத்தோடும் அஸ்ரியலின் குற்றத்தோடும்தான் சிறுவர்கள் அதை வாசித்தார்கள், வாசிக்கிறார்கள். நம்பிக்கை உறுதியானதாக இருந்தால் அதற்குத் தேவை கேள்வி இல்லாத படமன்று. கேள்வியை உடன் அமர்ந்து கேட்கும் பெரியவர்கள். ஆயர்கள் பேரவையின் விமர்சகர்கள் அதைத்தான் சொன்னார்கள். திரும்பப் பெறப்பட்ட அந்தப் பரிந்துரையே இச்சர்ச்சையில் சொல்லப்பட்டவற்றுள் மிகச் சரியானது என்று நான் கருதுகிறேன்.