குழந்தையின் தலையும் தாயின் கையும்

தம் சமூகம் அழகெனக் கொண்ட வடிவிலே குழந்தையின் தலை அமைதல் வேண்டுமென்ற விருப்பம் மிகப் பழமையானது. நீண்ட தலையை உயர்வெனக் கருதிய ஓரினத்தார், பிறந்த குழந்தையின் தலையைக் கையால் அழுத்தியும் கட்டுகளால் இறுக்கியும் நீளச் செய்தனர் என ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூலொன்று கூறுகின்றது.

தமிழ் பேசும் மக்கள் விரும்பியது உருண்டைத் தலையே. திருக்கோவில், கல்முனை முதலான கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களிலும், குளிப்பாட்டும்போது எண்ணெய் தடவித் தலையைப் பிடித்துவிடுதல் மருத்துவிச்சியும் அம்மம்மாவும் உம்மம்மாவும் கைக்கொண்ட வழக்கமாகும். இந்தியாவில் கடுகு நிரப்பிய தலையணையும் வழங்குகின்றது.

சிசுவின் மண்டையோட்டு எலும்புகள் ஒன்றோடொன்று இணையாதவை, மென்மையானவை. ஒரே பக்கமாகக் கிடந்தால் அப்பக்கம் தட்டையாகும். 1992ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், திடீர்ச் சிசு மரணத்தைத் தடுக்கும் பொருட்டுக் குழந்தைகளைக் குப்புறக் கிடத்தலாகாது என அறிவுறுத்தியது. 1994இல் மல்லாந்து உறங்கவைக்கும் இயக்கம் தொடங்கிற்று. அந்நாட்டில் அத்தகைய மரணங்கள் அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. தட்டைத் தலைகளோ பெருகின. உயிர் காத்தமைக்குக் கொடுத்த சிறு விலை அதுவெனலாம்.

அவ்விலையையும் தவிர்க்க விழைந்தோர் தலைக்கவசத்தை நாடினர். அச்சிகிச்சை 1979இலேயே கிளாரன் முதலிய அமெரிக்க மருத்துவர்களால் விளக்கப்பட்டிருந்தது. ஆயின், நெதர்லாந்தில் மிதமானது முதல் கடுமையானது வரையான தட்டைத் தலையுடைய 84 குழந்தைகளிடம் நிகழ்த்தப்பெற்று 2014இல் வெளியான ஆய்வு வேறொன்றை உணர்த்திற்று. ஆறு மாதம் கவசம் அணிந்தோருக்கும் அணியாதோருக்குமிடையே, இரண்டு வயதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பெருஞ்செலவுடைய கருவி, இயற்கையான வளர்ச்சியை விஞ்சவில்லை என்பதே அதன் சாரம்.

எனவே இன்று முதலில் வலியுறுத்தப்படுவன எளிய வழிகளே. உறங்கும்போது மல்லாந்தே கிடத்துதல்; தலை திரும்பும் பக்கத்தை மாற்றி மாற்றி அமைத்தல்; விழித்திருக்கும்போது, பெரியோர் கண்காணிப்பிலே குப்புறக் கிடத்துதல்; அடிக்கடி தூக்கி வைத்திருத்தல். கழுத்துத் தசை இறுகியிருப்பின் அதற்குப் பயிற்சி அளிக்கப்படும். தலையை அழுத்துவதும் தலையணை வைப்பதும் தகா. தலையணை மூச்சை அடைக்கக்கூடும். மண்டையோட்டுப் பொருத்துகள் உரிய காலத்துக்கு முன்பே இணைந்துவிடும் அரிய நோய் இதனின்று வேறானது. அதற்கு அறுவைச் சிகிச்சை வேண்டப்படும். ஆதலின், பிறந்தபோதே தலை கோணலாயிருப்பினும், கோணல் மிகுந்து வரினும் வைத்தியரிடம் காட்டுதல் இன்றியமையாதது.

பாட்டியின் கையை வரலாறு முற்றாக ஒதுக்கிவிடவில்லை. அதன் பணியையே மாற்றியுள்ளது. அழுத்தி உருவாக்க முயன்ற கை, இன்று தூக்கி ஏந்தவும் பக்கம் மாற்றிக் கிடத்தவும் வேண்டிய கையாயிற்று. வடிவினும் உயிர் பெரிது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.