ஆசனத்தடிப் பெட்ரோல் தொட்டி

1908-ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகரத்துப் பிக்கெட் தொழிற்சாலையில் ஜனனமெடுத்த ஃபோர்டு ‘டி’ மாடல் மோட்டாரில், பம்பு என்ற சாதனமே இல்லாமல், முன் ஆசனத்தின் அடியிலிருந்த தொட்டியினின்று பூமியின் ஆகர்ஷண சக்தியாலேயே பெட்ரோல் இறங்கி வந்தபடியால், ஒழுக்கைத் தேடுபவர் கசடு தங்கும் கிண்ணம், மெல்லிய குழாய், கார்ப்யூரேட்டர் என்ற கிரமத்தில் மேலிருந்து கீழே வந்தாலே போதும்.

ஆனால் இணைப்புகள் யாவும் உலர்ந்திருக்க, கார்ப்யூரேட்டர் மட்டும் சொட்டும் விசித்திரமும் உண்டு. உள்ளே மிதக்கும் தக்கையின்மேல் பூசிய அரக்கு மெருகு தேய்ந்து, தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்துத் தாழ்ந்துவிடுவதால், ஊசி வால்வு மூடாமற் போவதே அதன் காரணம். தக்கையை நன்றாக உலர்த்தி மறுபடியும் அரக்கு பூசுவதே பரிகாரம். இத்தனை நேரான வைத்தியம் பிற்கால வாகனங்களில் துர்லபம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆரம்ப கால வண்டிகளில் பக்க விளக்குகள் மண்ணெண்ணெயில் எரிந்தமையால், இரவில் கசிவைத் தேடுவது மெய்யாகவே பிராணாபாயம். 1923-இல் விற்பனைக்கு வந்த ஈய ரசாயனம் கலந்த பெட்ரோலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றப்பட்டதும், திரவம் ஆவியாகிப் போன பின்னரும் கறை நின்று, ஒழுகிய இடத்தைப் பகல் வெளிச்சத்திலேயே காட்டிக்கொடுத்தது.