படியெடுத்தலும் மீட்டெடுத்தலும்

எழுதி வைத்தது எல்லாம் பிழைத்துவிடுவதில்லை. எழுதியதற்குப் படி எடுக்க வேண்டும். எடுத்த படியை வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். தேவைப்படும் நாளில் அந்தப் படியைப் படிக்க இயல வேண்டும். கணினிக் கோப்புகளைப் பற்றி இன்று சொல்லப்படும் இந்த விதியைத் தமிழ் நூல்களின் வரலாறு நமக்கு முன்பே கற்பித்திருக்கிறது.

பனையோலை சில நூற்றாண்டுகளே தாங்கும். ஈரமும் பூச்சியும் கறையானும் அதற்குப் பகை. ஆதலால், பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதுவது நம் முன்னோர் வழக்கமாயிற்று. சங்கப் பாடல்கள் நம் கைக்கு வந்தது முதல் ஏடு பிழைத்ததால் அன்று. படிக்குப் படி, அதற்கும் ஒரு படி என்று எழுதிக்கொண்டே வந்ததால்தான்.

1894ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தார். ஊர் ஊராகத் தேடிய ஏடுகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். ஓர் ஏட்டில் முறிந்துபோன அடியை மற்றோர் ஏடு தந்தது. இதுவே மீட்டெடுத்தல். ஆயினும், நானூறு பாடல்களில் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. இன்றும் அந்த இடத்தில் எண் இருக்கிறது, பாட்டு இல்லை. எந்தப் படியிலும் இல்லாத ஒன்றை எவ்வளவு பெரிய அறிஞராலும் மீட்க இயலாது.

பல ஊர்களில் படிகள் இருந்ததால் புறநானூறு பிழைத்தது. எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருந்தால் என்ன ஆகும்? 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில், இலங்கையின் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. பிற்காலத்தில் கட்டடம் புதுப்பிக்கப்பட்டது. வேறிடங்களிலும் இருந்த அச்சு நூல்களைத் திரும்பச் சேர்க்க முடிந்தது. வேறெங்கும் படி இல்லாத சுவடிகளை யாரால் திருப்பித் தர முடியும்? 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகத் திட்டம், இலங்கைத் தமிழரின் நூல்களையும் இதழ்களையும் படமெடுத்து இணையத்தில் வைத்து வருகிறது. ஒரு கட்டடத்தை நம்பியிருந்த செல்வம் பல இடங்களுக்குப் பரவ வேண்டும் என்பதே இத்தகைய முயற்சிகளின் பயன்.

மூன்றாவது நிபந்தனையையும் காண்போம். படி பத்திரமாக இருந்தும் படிக்க முடியாமல் போவதுண்டு. 1980, 1990களில் தமிழ் மென்பொருள்கள் ஒவ்வொன்றும் எழுத்துகளுக்கு வெவ்வேறு எண்களைக் கொடுத்தன. அன்று தட்டெழுதிய கோப்பை, உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். நெகிழ்வட்டில் வைத்திருந்தால் அதைச் செருகும் வாயிலே இன்றைய கணினிகளில் இல்லை. யூனிகோடு என்னும் பொது முறை பரவிய பிறகே இக்குழப்பம் பெரிதும் தீர்ந்தது. ஆகவே, பழைய கோப்புகளை அவ்வப்போது புதிய முறைக்கு மாற்றி வைக்க வேண்டும். நம் காலத்தின் பெயர்த்தெழுதுதல் இதுதான்.

நேயர்களே, இவை ஏதோ தொலைதூரச் செய்திகள் அல்ல. பேராக் மாநிலத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. அப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரும் தந்தையின் பெயரும் சேர்ந்த நாளும் இருக்கும். பின்னர் ரப்பர் மரங்கள் விழுந்து செம்பனை வந்தது, சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின, லயங்கள் இடிந்தன, பள்ளிகள் இடம்பெயர்ந்தன. ஒரு குடும்பம் அந்த மண்ணில் வாழ்ந்ததற்குச் சில இடங்களில் அந்தப் பதிவேடே எழுத்துச் சான்று. அதைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் ஆசிரியர்கள் நற்பணி செய்கிறார்கள். ஆனால், ஏற்றியதோடு பணி முடிந்ததாகக் கருதலாகாது. ஒரே இடியில் கணினி பழுதாகலாம். ஒரே வெள்ளத்தில் அலமாரியும் நனையலாம்.

என்ன செய்யலாம்? மூன்று படிகள் வைத்திருப்போம். அவற்றை இரண்டு வகைச் சாதனங்களில் வைப்போம். ஒன்றையாவது வேறு ஊரில் வைப்போம். கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, ஈப்போவில் உள்ள உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ ஒன்று என இருக்கலாம். வன்தட்டைப் படியெடுத்தவுடன் கழற்றி வைக்க வேண்டும். இணைத்தபடியே விட்டால் கணினியைத் தாக்கும் நச்சுநிரல் அதையும் தாக்கும். இணையச் சேமிப்பிலும் ஓர் எச்சரிக்கை தேவை. கணினியில் அழிப்பதை அங்கும் உடனே அழிக்கும் சேவைகள் உண்டு. ஆகவே, நேற்றைய படியும் சென்ற மாதப் படியும் தனித்தனியே இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மீட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் வன்தட்டை வேறொரு கணினியில் இணைத்து, கோப்புகளை அங்கே இறக்குங்கள். கோப்புகளின் எண்ணிக்கை சரிதானா என்று பாருங்கள். பழைய பக்கம் ஒன்றைத் திறந்து, அதிலுள்ள பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். படிக்க முடிந்தால்தான் அது படி. அந்தப் பெயர்களுக்கு உரியவர்களின் பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்தைத் தேடி வரும் நாளில், எடுத்துக் காட்ட நம்மிடம் ஒரு பக்கம் இருக்க வேண்டும்.