ஊரறியச் சொன்ன குரல்

மறைத்து வைக்கச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊரறியச் சொன்னார் இராமானுசர் என்பார்கள். அவர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில்தான் வானொலியின் வரலாறும் கண்ணீர் வடித்தது.

ராஜீவ் காந்தி விமானியாக இருந்தவர், பிரதமரானவர். அவர் ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் வானொலி அன்பர் என்பது பலரும் அறியாதது. ‘வி.யூ.2 ஆர்.ஜி.’ அவருடைய அழைப்புக் குறி. இந்தப் பொழுதுபோக்குக்குத் தேர்வு உண்டு, உரிமம் உண்டு, 1978-ஆம் ஆண்டு வகுத்த விதிகளும் உண்டு. பேசுகிறவர் தம் குறியைச் சொல்ல வேண்டும். காசுக்காகச் செய்தி அனுப்பலாகாது. பொருளை மறைக்கும் சங்கேதம் கூடவே கூடாது. யார் கேட்டாலும் கூசாத பேச்சே அதன் அறம்.

1991 மே 21-ஆம் நாள் இரவு, தேர்தல் கூட்டத்துக்கு வந்த அவரை அவ்வூரில் குண்டு வெடித்துக் கொன்றது. அந்தச் சதிகாரர்களிடமும் கம்பியில்லாக் கருவி இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்குச் சங்கேதத்தில் பேசினார்கள். காற்று அதையும் ஒளித்து வைக்கவில்லை. இடைமறித்த அந்தச் செய்திகளின் புதிரைப் புலனாய்வுக் குழு அவிழ்த்தது. நீதிமன்றத்தில் அவை சாட்சியாயின.

இன்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் உருவாகும் கைப்பேசிகள் உலகெங்கும் பேசுகின்றன. கருவிக்கு நன்மை தீமை தெரியாது. பெயர் சொல்லிப் பேசலாமா, மறைத்துப் பேசலாமா என்பதை மனிதன்தானே முடிவு செய்கிறான்?